எபோவின் கடைவாய்ப் பற்கள்

முதலில் தண்ணீரைக் குடியுங்கள் என்றேன், குடித்தீர்கள். வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்து, அவர் குடித்து முடித்த பிறகுதான் வந்த காரியத்தைக் கேட்பது எங்கள் வழக்கம். நீங்கள் அக்ராவிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், சாலை வேறு குண்டும் குழியுமாகக் கிடக்கிறது. என்ன காரியம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தாலும் கேட்காமல் இருப்பது மரியாதை இல்லை என்பதால் கேட்டேன், நீங்களும் சொன்னீர்கள். இனி நான் சொல்கிறேன். நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் எஸி பைடூ. தக்கோராடியில் சந்தை வட்டத்துக்குப் பின்னால் டாக்டர் அக்கோனின் பல் மருத்துவமனை இருக்கிறது. அதன் பின்கட்டு அறை என்னுடையது. டாக்டர் பல்லைச் செதுக்கி அச்செடுத்து அனுப்புவார், அந்தப் பல்லின் மேல் மாட்டும் கேப்பை நான் செய்வேன். உலோகத்தை வார்த்து, மேலே பீங்கான் பூசி, சூளையில் சுட்டு, கடைசியாகத் தேய்த்துச் சரிபார்ப்பது வரை எல்லாம் என் கைதான். வார்ப்பதையும் சுடுவதையும் யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். அந்தக் கடைசித் தேய்ப்புதான் வேலை. ஒரு முடியின் கனம் கூடிப்போனால் போதும், ஆளுக்குத் தலைவலி வரும், தூக்கம் கெடும், பெண்டாட்டியிடம் எரிந்து விழுவான், பல்தான் காரணம் என்று கடைசி வரை பிடிபடாது. வாயில் இருப்பதே தெரியாமல் இருந்தால் அது நல்ல கேப். "எஸி பண்ணின கேப்பு, ஆளைப் புதைச்ச பொறவும் அப்படியே இருக்கும்" என்று டாக்டர் வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவருக்கு வயதாகிவிட்டது, கண்ணும் மங்கிவிட்டது. கேப்பைப் பல்லில் வைத்து, மேலே மெல்லிய நீலத்தாளைப் போட்டு, "டக் டக்குனு கடி" என்பார். நீலம் ஒட்டுகிற இடம் உயரம், அதைத் தேய்க்க வேண்டும். சில காலமாக அவர் தாளை வைப்பதோடு சரி. "எஸி, வந்து நீயே முடிச்சிடு" என்று குரல் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துவிடுவார். பின்கட்டுக்காரி நோயாளியின் வாயில் கை வைக்கக் கூடாது என்று சட்டம் இருப்பது எனக்குத் தெரியும். அதற்கு ஒரு தண்டனை இருந்தால் தனியாகக் கொடுங்கள். டாக்டரை மட்டும் தொந்தரவு செய்யாதீர்கள். என்னை நம்பியதைத் தவிர அவர் ஒரு தப்பும் செய்யவில்லை.

எபோ என் மகன், ஒரே பிள்ளை. அவன் அப்பா குவெஸி கப்பல்காரர். எபோ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அக்கம்பக்கத்தில் கடல் கொண்டுபோய்விட்டது என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். அதை நீங்கள் பொய் என்று சொல்ல முடியாது. ஸ்பெயினின் லாஸ் பால்மாஸ் துறைமுகத்தில் இறங்கிய மனிதர் அங்கேயே ஒருத்தியோடு குடும்பமாகி, பழைய கார் வாங்கி விற்கிறார். கிறிஸ்துமஸுக்குப் போன் செய்வார். கடல் வழியாகத்தானே போனார்.

எபோவும் கப்பலுக்குத்தான் போவேன் என்று நின்றான். நன்றாகச் சமைப்பான். எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பல் ஒன்றில் சமையல் உதவிக்கு எடுத்துக்கொள்வதாகத் தரகர் சொல்லிவிட்டார். உடல் தகுதிச் சான்று மட்டும்தான் பாக்கி. அதில் பல்லையும் பார்ப்பார்கள், நடுக்கடலில் பல்வலி வந்தால் யாரிடம் போவது. அந்தக் கிறிஸ்துமஸ் முகமூடி ஆட்டத்தில், பேண்டு வாத்தியத்துக்கு நடுவில், கூட்டாளிகளுக்கு முன்னால் மால்ட் பானப் பாட்டிலைக் கடைவாயால் திறந்து காட்டப் போய், கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று பாதி பெயர்ந்துவிட்டது.

அவன் மருத்துவமனைக்கு வந்தபோது வரவேற்பில் இருக்கும் அஜ்வா உள்ளே பார்த்துக் கத்தினாள். "எஸியக்கா, பாட்டில் ஓப்பனர் ஒண்ணு ஒடஞ்சிபோய் ரிப்பேருக்கு வந்திருக்கு."

"சிரி, சிரி," என்றான் எபோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "கப்பல்ல போயி உனக்கு சென்ட் பாட்டில் வாங்கியாரேன். அதையும் பல்லாலயே தொறந்து தரேன், பாரு."

அவனுக்கு நான் செய்த முதல் கேப் என் வாழ்நாளிலேயே சிறந்த வேலை. நிறம், மேடு பள்ளம் எல்லாம் பக்கத்துப் பல்லோடு பிறந்தது மாதிரி அமைந்தது. டாக்டர் நீலத்தாளை வைத்துப் பார்த்து, "தாயோட கை, நான் சொல்ல என்ன இருக்கு" என்று ஜன்னலோரம் போய்விட்டார். நான் கருவியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"சீக்கிரம் முடிம்மா," என்றான் எபோ. "எஸியோட மவன் வர்றான்னு கப்பல்காரன் நங்கூரத்தைக் கையில புடிச்சிக்கிட்டா நிக்கப்போறான்?"

சொல்லிவிட்டு வாயைத் திறந்தான். சிறுவயதில் ஊசி போடக் கூட்டிப்போனால் என் துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொள்வான். அன்றும் பிடித்துக்கொண்டான், தானறியாமல். அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. அதற்கு முன்னால் வந்ததே இல்லை என்று எந்த பைபிள் மேலும் சத்தியம் செய்வேன்.

எபோ தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பான். இது டாக்டருக்குத் தெரியாது, அவனுக்கே தெரியாது, பக்கத்துப் பாயில் படுத்தவளுக்கு மட்டும்தான் தெரியும். தூக்கத்தில் கடிக்கிறவன் டக் டக்கென்று கடிப்பதில்லை. தாடையைப் பக்கவாட்டில் இழுத்து அரைப்பான். அப்படி இழுக்கும்போது கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று உரசாமல் விலக வேண்டும். விலகும்படிதான் நான் எல்லோருக்கும் தேய்ப்பேன். எபோவின் கேப்பில் உள்பக்கமாக ஒரு சின்னச் சரிவைத் தேய்க்காமல் விட்டேன். டக் டக்கென்று கடித்தால் தாளில் விழாது. இழுத்து அரைத்தால் மட்டும் தட்டும். அவனில்லாமல் அந்த ஒரு கப்பல் போனால் போதும் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் டாக்டர் போனில் விசாரித்தார். "எப்படிப்பா இருக்கு? சாப்பிட முடியுதா?"

"சூப்பரா இருக்கு டாக்டர். ராத்திரி அம்மா ஃபுஃபு இடிச்சாங்க. ரெண்டு பெரிய உருண்டை, போன எடம் தெரியல."

டாக்டர் திருப்தியாகப் போனை வைத்தார். அவித்து இடித்த மரவள்ளிக் களிதானே, ஃபுஃபுவை எங்கள் ஊரில் யாரும் மெல்ல மாட்டார்கள். குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும். மென்றால் குழந்தைகூடச் சிரிக்கும். பல்லே இல்லாதவனும் ஃபுஃபு நன்றாகத்தான் சாப்பிடுவான். இது டாக்டருக்குத் தெரியாததல்ல. ஆனால் ஃபுஃபு இறங்கினால் ஆள் சௌக்கியம் என்று நினைக்கிற ஊரில் பிறந்தவர் அவர், அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை. அந்த வாரம் முழுக்க நான் ஃபுஃபுதான் இடித்தேன்.

அவனுக்கு நெற்றிப்பொட்டு வலித்தது. பிறகு காது. கப்பல் கம்பெனி மருத்துவர் ஒரு கம்பியால் பல்லைத் தட்டியதும் எபோ நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டானாம். தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள். கப்பல் அவனை விட்டுவிட்டுப் போனது. அன்று மாலை அவன் வீட்டுப் படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், நான் உள்ளே செம்பனைக் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது, பாடிக்கொண்டே கிளறினேன். அடுத்த நாளே அவனை நாற்காலியில் உட்கார வைத்து அந்தச் சரிவைத் தேய்த்து எடுத்துவிட்டேன். வலி குறைந்தது. "ஒன் கைல என்னமோ இருக்கும்மா" என்று என் உள்ளங்கையை முத்தமிட்டான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் என்று நினைக்கிறீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் கப்பல் ஒன்றோடு நிற்பதில்லையே, இது துறைமுக ஊர். தரகர் மறுபடியும் கூப்பிட்டார். அதற்குள் அந்தக் கேப்புக்கு நேர் மேலே இருந்த பல் விரிசல் விட்டிருந்தது. அதற்கும் வேர் சிகிச்சை செய்து கேப் போட வேண்டியதாயிற்று. அதையும் நான்தான் செய்தேன். அப்புறம் பக்கத்துப் பல். ஒரு பக்கம் வலித்தால் ஆள் மறுபக்கம் மெல்லுவான், பாரம் தாங்காமல் மறுபக்கமும் கெடும். அந்தப் பக்கத்துக்கு நான் அதிகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. டாக்டர் சிலதைக் காப்பாற்றப் பார்த்தார், சிலதைப் பிடுங்கினார். ஒவ்வொரு பல் போகும்போதும் நான் தட்டை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவனுக்குப் பல் முளைத்தபோது ஈறைத் தடவிக் கொடுத்தவள் நான். எனக்கு வலிக்காமல் இருந்திருக்குமா, யோசித்துப் பாருங்கள்.

ஒருநாள் நாற்காலியில் படுத்தபடியே அழுதுவிட்டான். "எனக்கு மட்டும் ஏம்மா இப்படி? எவனாவது செய்வினை வெச்சிருப்பானோ?"

போதகரிடம் கூட்டிப்போனேன். அவர் எபோவின் தலையில் கைவைத்து உலுக்கி, "எதிரி வெளியில இல்ல, வீட்டு ரத்தத்துலயே இருக்கு" என்றார். என்னைக் கண்டுகொண்டாரோ என்று நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். ஆனால் அவர் எல்லோருக்கும் அதைத்தான் சொல்வார். எபோ யோசித்து யோசித்து, தெருமுனையில் கென்கே என்ற சோளமாவு உருண்டை விற்கும் அபா மேல் சந்தேகப்பட்டான். அவள் அவன் அப்பாவின் தங்கை. சிறு வயதிலிருந்து அவனுக்குக் காசு வாங்காமல் சுடச்சுடக் கென்கே உரித்துக் கொடுத்தவள். அவள் முகத்தைப் பார்ப்பதையே விட்டான். "நான் என்னடா பண்ணினேன்?" என்று அவள் வாசலில் வந்து நின்று கேட்டபோது கதவைச் சாத்தினான். நான் திறக்கச் சொல்லவில்லை. அபா நல்லவள்தான். அவள் இல்லையென்று நான் சொன்னால், பின்னே யாரென்று கேட்பானே.

ஒன்றை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அந்த நாட்களில் அவன் என்னோடு இருந்தான். கூட்டாளிகளோடு சுற்றுவதை விட்டுவிட்டான், வாய் கோணிவிட்டது என்று வெட்கம். மாலையில் வானொலி கேட்டபடி என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். மீனை முள் எடுத்து மசித்துக் கொடுப்பேன். கப்பலுக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களைக் கேளுங்கள், இது யாருக்குக் கிடைக்கும் என்று.

எஃபுவா என்ற பெண்ணை அவன் விரும்பினான். துறைமுக வாசலில் தையல் கடை வைத்திருப்பவள், வாய்த்துடுக்கு. பெண் கேட்கப் போகலாம் என்றால் அவள் மாமன், "பல்லும் இல்ல, வேலையும் இல்ல, எம்பொண்ணு அவனுக்கு மென்னு குடுக்கணுமாக்கும்?" என்று சொல்லி அனுப்பினான். எபோ சோர்ந்து போனான். அவள் சோரவில்லை. ஒருநாள் நேராக என் அறைக்கே வந்து, சூளைக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. ஊர்ல எல்லாருக்கும் நீங்க பண்ற கேப் நிக்குது. ஒங்க மவனுக்கு மட்டும் ஏன் நிக்கல?"

"வாத்தியார் புள்ள மக்குன்னு கேள்விப்பட்டதில்ல?" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என் கையையே பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவள்தான் எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தாள். அக்ராவை அடுத்த தேமாவில் அவளுக்குத் தெரிந்த பல் மருத்துவர் ஒருவர், தேமாவிலிருந்தே புறப்படும் வேறொரு கப்பல். பல்லைச் சரிசெய்துகொண்டு வந்தால் வேலை உறுதி. திங்கட்கிழமை இருவரும் பேருந்து ஏறுவதாக முடிவாயிற்று. எபோ எனக்கு அதைச் சனிக்கிழமைதான் சொன்னான். மருத்துவமனைக்கே வந்து சொன்னான். டாக்டர் பக்கத்து ஊரான செகோண்டியில் ஒரு இறுதிச் சடங்குக்காகக் கறுப்புத் துணி உடுத்திப் போயிருந்தார். அஜ்வாவும் போயிருந்தாள். நான் மட்டும் இருந்தேன்.

அப்போது அவனுடைய கீழ்ப்பல் ஒன்றை டாக்டர் திறந்து விட்டிருந்தார். வேரில் சீழ் கட்டியிருந்தது, அது வடிய வேண்டும். "எஸி, அந்தக் கேப்பைச் செஞ்சு வெச்சிரு, ஆனா சீழ் முழுக்க நின்ன பொறவுதான் ஒட்டணும், மறந்துடாத" என்று என்னிடம் சொல்லியிருந்தார். நான் மறக்கவில்லை.

"உக்காரு, போறதுக்கு முந்தி ஒரு தடவ பாத்துடறேன்," என்றேன்.

உட்கார்ந்தான். விளக்கை இழுத்தேன்.

"கோவமாம்மா?"

"எதுக்கு?"

"ஒன்ன விட்டுட்டுப் போறேன்னு."

"வாயத் தொற."

பஞ்சை எடுத்தேன். இன்னும் வடிந்துகொண்டுதான் இருந்தது. துடைத்துவிட்டுக் கேப்பை வைத்து, பசை போட்டு ஒட்டினேன். ஓரத்தில் பிதுங்கியதையெல்லாம் சுத்தமாக எடுத்தேன். நீலத்தாள் வைத்துப் பார்த்து, இழுத்து அரைக்கச் சொல்லியும் பார்த்துத் தேய்த்தேன். அன்று கடி மிகச் சரியாக இருந்தது. முகம் தெரியாத ஒரு மருத்துவர் என் மகனின் வாயைத் திறந்து பார்க்கும்போது ஓட்டைப் பல்லோடு இருக்கக் கூடாது என்றுதான் ஒட்டினேன் என்று பிறகு போனில் எஃபுவாவிடம் சொன்னேன். அதுவும் ஒரு காரணம்தான்.

மூடினால் என்னவாகும் என்று எனக்குத் தெரியும். வெளியே வர வழியில்லாத சீழ் உள்ளே இறங்கும். திங்கட்கிழமை விடிவதற்குள் வலியில் துடிப்பான், பயணம் தள்ளிப்போகும், என்னிடம் வருவான், கேப்பைக் கழற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஞாயிறு மாலையே தாடை வீங்கிவிட்டது. நான் ஒத்தடம் கொடுத்தேன். கழற்றிவிடட்டுமா என்று கேட்க வாய்வரை வந்தது. அவன் முந்திக்கொண்டு, "வலிச்சாலும் போவேம்மா, தேமாவுல பாத்துக்கறேன்" என்றான். கழற்றினால் நிச்சயம் போய்விடுவான். கழற்றாவிட்டால் ஒருவேளை போகமாட்டான். நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்க மாட்டேன், உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்றுகூட எனக்குத் தெரியாது. என் கை அசையவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

திங்கட்கிழமை போய்விட்டான். வீங்கிய முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பேருந்து ஏறினான். நான் கையசைத்தேன். வழியில் வின்னெபா என்ற ஊரைத் தாண்டும்போது கழுத்து முழுக்கப் பரவி, நாக்கை மேலே தள்ளி, அவனால் எச்சில்கூட விழுங்க முடியவில்லையாம். எஃபுவா போட்ட கூச்சலில் ஓட்டுநர் எங்கும் நிறுத்தாமல் அக்ரா மருத்துவமனைக்கே பேருந்தை விட்டிருக்கிறார். மூச்சு விடுவதற்காகக் கழுத்தை வெட்டிக் குழாய் வைத்தார்கள். கீழே மிச்சமிருந்த கடைவாய்ப் பற்களையெல்லாம் எடுத்துவிட்டார்கள். அந்தக் கேப்பை வெளியே எடுத்த டாக்டரம்மா அதை விளக்கில் பிடித்துப் பார்த்து, இதை இப்போது ஒட்டியது யார் என்று கேட்டிருக்கிறார். எஃபுவா என் பெயரைச் சொன்னாள். போலீஸுக்குச் செய்தி போனது, நீங்கள் வந்துவிட்டீர்கள்.

ஆம், நான்தான். சரிவுகளை விட்டதும் நான்தான், சீழ் இருக்கும்போதே மூடியதும் நான்தான். யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் உடந்தை இல்லை. அபாவுக்கும் இதில் சம்பந்தமில்லை, அதையும் எழுதுங்கள். அவனைச் சாகடிக்க நான் ஒருநாளும் நினைத்ததில்லை. சாகவும் இல்லையே.

கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால் ஒரே ஒரு வேண்டுகோள். எபோவுக்குப் பல்செட் வேண்டியிருக்கும். அக்ராவிலேயே யாரோ செய்வார்கள் என்கிறீர்கள். அவர்களுக்கு அவன் தாடை தெரியாது, அவன் தூக்கத்தில் அரைப்பது தெரியாது. நான் செய்து தருகிறேன். இனி எந்தக் கப்பலும் அவனை எடுக்காது, அதனால் இந்த முறை ஒரு முடி கனம்கூடக் கூடாமல் தேய்த்துத் தருவேன். அச்செடுக்க வந்தவர்களுக்கு அவன் வாயைத் திறக்கவில்லையாம். நர்ஸ் கிட்டே போனாலே உதட்டை இறுக்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிடுகிறானாம். குழாய் இருப்பதால் பேச முடியாமல், அம்மாவை உள்ளே விடாதே என்று அவனே எழுதிக் காட்டினான் என்கிறாள் எஃபுவா. அவள் பேச்சை யார் நம்புவது. பயந்திருக்கிறான், பாவம், அவ்வளவுதான். என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஐயா. நான் சொன்னால் வாயைத் திறப்பான்.